காய்வது வேறு, இறுகுவது வேறு: கானாடுகாத்தானில் ஒரு சுண்ணாம்புச் சுவரைப் பழுதுபார்த்த பதிவு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் என் மனைவியின் உறவினர்களுக்குச் சொந்தமான பழைய வீடொன்றில், வளவு வாசலை ஒட்டிய தாழ்வாரத்தின் மேற்குச் சுவர், தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை உப்பி, பொருக்குத்தட்டி, கை பட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அதற்கு மேலே உள்ள பகுதி கட்டிய காலத்தின் மெருகு குலையாமல் நிற்கிறது. எதிரே நின்றால் ஆள் நிழலாடுவது தெரியும். ஒரே சுவர், ஒரே பூச்சு, மேலே ஒரு கதி, கீழே ஒரு கதி. இடையில் யாரோ ஒருவர் கீழ்ப்பகுதியைச் செதுக்கிவிட்டுச் சிமெண்டு பூசியிருந்தார். அந்தச் சிமெண்டும் தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றொலி கொடுத்தது.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்று இரண்டு கட்டம் போட்டு, பனிக்கட்டி உருகுவதை ஒன்றிலும் காகிதம் எரிவதை மற்றொன்றிலும் எழுதவைக்கிற வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். சுண்ணாம்பு வேலையில் அந்த இரண்டு கட்டங்களும் ஒரே சுவரில், ஒரே நேரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக நடக்கின்றன. எது எப்போது நடக்கிறது என்று தெரியாதவர் சுவரை நனைக்க வேண்டிய நாளில் காயவிடுவார், காயவிட வேண்டிய நாளில் நனைப்பார். இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

சிமெண்டுப் பூச்சைப் பெயர்த்தபோது அது பலகை பலகையாகக் கழன்றது. பின்பக்கத்திலும் செங்கல்லின் முகத்திலும் பஞ்சு போன்ற வெள்ளைப் படிவம் இருந்தது. அதைச் சுரண்டிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். நுரைக்கவில்லை, ஆகவே அது சுண்ணாம்புக் காரை அன்று. இன்னொரு சிட்டிகையை மழைநீரில் போட்டதும் கரைந்தது. அந்த நீரை வெயிலில் வைத்ததும் கிண்ணத்தின் ஓரத்தில் ஊசி ஊசியாக மீண்டும் படிந்தது. உப்புதான், வேறொன்றுமில்லை. நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் நீர் அதன் வழியாக வெளிமுகம் வரை வந்து ஆவியாகும், உப்பு மேற்பரப்பில் பூக்கும், துணியால் துடைத்துவிடலாம். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. நீர் பின்புறத்திலேயே தேங்கி, கிடைத்த இடுக்கில் ஆவியாக, உப்பு அங்கேயே படிகமாகிறது. துளைக்குள் வளரும் படிகம் துளையின் சுவரை நெம்புகிறது. கரைவதும் படிகமாவதும் இயற்பியல் மாற்றங்கள், திரும்பச் செய்யக்கூடியவை என்று வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திரும்பத் திரும்ப நடப்பதால்தான் அது செங்கல்லையே மாவாக்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் வேலையாகக் கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாயின் மூட்டைச் சரிசெய்தோம். அது ஒழுகும்வரை சுவரில் எதைப் பூசினாலும் வீண். அடுத்ததாகக் களிமண்ணும் மணலும் ஊறவைத்த காகிதக் கூழும் சேர்த்துப் பிசைந்து, வெறும் செங்கல்லின் மேல் விரற்கடை கனத்துக்கு அப்பிவைத்தோம். அந்த அப்பு காயும்போது சுவருக்குள் இருக்கும் உப்புநீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் உப்போடு சேர்த்து உரித்து எறிந்துவிடலாம். உரித்த அப்பை வீட்டுத் தோட்டத்தில் போடக் கூடாது; வாழை கருகிவிடும்.

சுண்ணாம்புக்குக் கொத்தனார் பையில் வரும் பொடியை ஏற்கவில்லை. காளவாசலிலிருந்து சுட்ட கல்லாகவே வேண்டும் என்றார். மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு கட்டியாகக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்து, இரண்டு குவியலாகப் பிரித்தார். எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கனத்தை வச்சுத்தான் சார். கனமா இருந்தா உள்ள வேகல, பச்சக் கல்லு. வெந்த கல்லு தூக்குனா காத்தா இருக்கும்.”

இங்கே சற்று நிற்க வேண்டும். சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட்டு. 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுடும்போது அது கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டுக் கால்சியம் ஆக்சைடாக மாறுகிறது. 100 கிலோ தூய கல் முழுமையாக வெந்தால் 56 கிலோதான் மிஞ்சும். 44 கிலோ வாயுவாகப் போய்விடும். ஆனால் அடர்த்தி அட்டவணையைப் பார்த்தால் கல்லுக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.71 கிராம், வெந்த சுண்ணாம்புக்கு 3.3 கிராமுக்கு மேல். அட்டவணை அடர்த்தி கூடியது என்கிறது, கொத்தனாரின் கை குறைந்தது என்கிறது. இரண்டும் சரியே. அட்டவணை சொல்வது துளையில்லாத பொருளின் அடர்த்தியை. கட்டியோ காளவாசலில் தன் வடிவத்தைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்வதில்லை. வாயு வெளியேறிய இடமெல்லாம் வெற்றிடமாக நிற்கிறது. கட்டியின் பருமன் அப்படியே இருந்து எடை மட்டும் 56 விழுக்காடாகக் குறைந்தால், துளைகளையும் சேர்த்துக் கணக்கிட்ட அடர்த்தி 1.5 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஏறத்தாழ பாதி. அந்த வேறுபாடு கைக்குத் தெரியாமல் இருக்குமா?

அவர் ஒதுக்கிய கட்டியொன்றை உடைத்து, நடுப்பகுதியில் எலுமிச்சைச் சாறு விட்டேன். நுரைத்தது, கார்பனேட்டு இன்னும் இருக்கிறது. தேர்ந்தெடுத்த கட்டியில் விட்டபோது நுரைக்காமல் சூடுதான் கண்டது. மாணவர்களிடம் காட்டுவதற்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது என்றாலும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

நீற்றுவதற்கு, அதாவது சுட்ட கல்லை நீரில் இட்டுக் கூழாக்குவதற்கு, பழைய சிமெண்டுத் தொட்டியொன்றைப் பயன்படுத்தினோம். வீட்டில் பெரிய அலுமினிய அண்டா ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவர வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். சுண்ணாம்பின் காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். பாத்திரமும் போகும், சுண்ணாம்பும் கெடும். தொட்டியில் முதலில் நீரை நிரப்பி, அதில்தான் கட்டிகளைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். கட்டியின் மேல் கொஞ்சம் நீரைத் தெளித்தால் நீர் உடனே ஆவியாகிக் கொதிக்கும் சுண்ணாம்பை முகத்தில் வாரி அடிக்கும்.

கட்டியை இறக்கியதும் ஓரிரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. துளைகளில் இருந்த காற்று குமிழ்விட்டு வெளியேறும் மெல்லிய சீறல் மட்டும் கேட்டது. இது வெறும் இயற்பியல் நிகழ்வு. செங்கல்லை நீரில் போட்டாலும் இதே ஒலி கேட்கும். பிறகு கட்டியில் கீறல் விழுந்தது, கீறல் பிளவாயிற்று, பிளவிலிருந்து ஆவி கிளம்பிற்று, சற்று நேரத்தில் தொட்டி முழுவதும் தளதளவென்று கொதித்தது. அடியில் நெருப்பு எதுவும் இல்லை. கால்சியம் ஆக்சைடு நீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும்போது ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1,150 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. அறை வெப்பநிலையில் உள்ள மூன்று லிட்டருக்கும் அதிகமான நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். வினைக்குத் தேவையான நீரோ ஒரு கிலோவுக்கு 320 கிராம்தான். மீதி நீர் சூட்டை வாங்கிக்கொள்ளவும் கூழாக்கவும் பயன்படுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. 56 கிராம் கால்சியம் ஆக்சைடுக்கு உரிய பருமன் 17 கன சென்டிமீட்டர் அளவு. அதிலிருந்து கிடைக்கும் 74 கிராம் ஹைட்ராக்சைடு 33 கன சென்டிமீட்டருக்கு மேல் இடம் கேட்கும், அதன் அடர்த்தி 2.2 தான் என்பதால். பொருள் ஏறத்தாழ இருமடங்காகப் பருக்கிறது. கட்டி தானாகவே உடைந்து மாவாவதற்கு இப்படிப் பருப்பதும் சூடும்தான் காரணம். நீறாத சிறு துணுக்கு ஒன்று கூழில் தங்கிவிட்டால், பூசி முடித்து மாதங்கள் கழித்துச் சுவருக்குள்ளேயே நீறி, மேற்பூச்சைக் காசளவுக்குத் தள்ளிக் குழியாக்கும். ஆகவேதான் நீற்றிய கூழைச் சல்லடையில் வடிகட்டி, நீருக்கு அடியில் வாரக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். ஊறவைப்பது பழக்கத்துக்காகச் செய்யும் சடங்கு என்று நினைத்துச் சுருக்கிவிடுபவர்கள் உண்டு. அவர்கள் பூசிய சுவர்களில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருப்பதைக் காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் பார்க்கலாம்.

கூழ் ஊறும் நாள்களில், பூச்சில் சேர்ப்பதற்காகக் கடுக்காயை இடித்துப் போட்டும், வெல்லத்தைக் கரைத்தும் தனித்தனிப் பானைகளில் ஊறவைத்தோம். கடுக்காய்நீர் கருந்தேன் நிறமாகியது. துவர்ப்புச் சத்தான டானின் நீரில் இறங்குவதன் அடையாளம் அது. வெல்லப் பானையில் குமிழ் வந்தது, புளித்த வாடை வீசியது. சர்க்கரை நொதித்துக் கார்பன் டை ஆக்சைடும் சாராயமும் ஆகிறது. முதலாவது பெரும்பாலும் கரைதல், இரண்டாவது முழுக்க வேதியியல். வெல்லத்தின் பயன் வேறொரு வகையிலும் உண்டு. சுண்ணாம்பு வெறும் நீரில் லிட்டருக்கு 1.7 கிராம் அளவுதான் கரையும், நீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். சர்க்கரை இருந்தால் கால்சியம் அதனோடு பிணைந்து பல மடங்கு கரையும். அளவு மீறினால் பூச்சு இறுகத் தாமதமாகும் என்பதால் கொத்தனார் வெல்லத்தில் கஞ்சனாகவே இருந்தார். நான் அதை ஆதரிக்கிறேன்.

முதல் பூச்சுக்குக் கூழோடு சலித்த மணலும், தணிந்த சூட்டில் சுட்ட நாட்டுச் செங்கல்லின் பொடியும் சேர்த்தோம். செங்கல் பொடி மணலைப் போல் சும்மா இருப்பதில்லை. சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் ஈரம் இருக்கும்வரை சுண்ணாம்போடு மெல்ல வினைபுரிந்து, காற்றுப் படாத உள்ளிடத்திலும் இறுகும் பொருளை உண்டாக்குகின்றன. ஈரம் ஏறும் அடிச்சுவருக்கு இது தேவை. மேல்பூச்சுகளில் பொடியைக் குறைத்துக்கொண்டே போய், கடைசிக்கு முந்தியதில் வெள்ளைக்கல் மாவு மட்டும் சேர்த்தோம்.

பூசியபின் வரும் காலம்தான் வீட்டுக்காரர்கள் பொறுமை இழக்கும் காலம். முதல் பூச்சின் மேல் தொட்டால் கையில் ஒட்டவில்லை, நிறமும் வெளுத்துவிட்டது. வீட்டு ஆச்சி வந்து தடவிப் பார்த்துவிட்டு, “காஞ்சு போச்சே, அடுத்ததப் பூசிற வேண்டியதுதான?” என்றார்கள். கொத்தனாரோ சணல் சாக்கை நனைத்துச் சுவரின் மேல் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

“காஞ்சிருச்சு ஆச்சி, ஆனா இன்னும் இறுகல. நகத்தால கீறிப் பாருங்க.”

ஆச்சி கீறியதும் வெள்ளைக் கோடு விழுந்து மாவாக உதிர்ந்தது. நீர் ஆவியாகிப் போனது. அது நிலைமாற்றம் மட்டுமே. சுண்ணாம்பு இன்னும் சுண்ணாம்பாகவே இருக்கிறது. அது கல்லாக வேண்டுமென்றால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே வந்து, துளைகளில் எஞ்சியிருக்கும் நீர்ப்படலத்தில் கரைந்து, கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிய வேண்டும். காற்றில் அந்த வாயு 0.04 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம்தான். நீர்ப்படலமே இல்லாமல் வற்றிவிட்டால் வினை நின்றுவிடும். துளை முழுவதும் நீர் நிறைந்திருந்தாலும் வாயு நுழைய வழியின்றி நின்றுவிடும், ஏனென்றால் நீருக்குள் வாயு பரவும் வேகம் காற்றில் உள்ளதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. வேண்டியது அரைகுறை ஈரம். சித்திரை வெயிலில் செட்டிநாட்டில் இந்த வேலையைத் தொடங்குபவர் சாக்கு நனைத்தே ஓய்ந்துபோவார். வடகிழக்கு மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களைக் கொத்தனார் தேர்ந்தெடுத்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கிற்று.

ஆச்சிக்கு வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட எடைபோட்டுக் காட்டலாம் என்று, வடிகட்டிய வெறும் கூழை ஒரு மூடியில் வார்த்து, சமையலறையில் பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் மின்தராசில் வைத்தேன். வார்த்தபோது 120 கிராம். எடை மளமளவென்று இறங்கி 61 கிராமில் நின்றது, போனதெல்லாம் நீர். மூடியில் தட்டுப்போல் காய்ந்த சுண்ணாம்பு விரிசல் விட்டிருந்தது. மூடியின் ஓரத்திலிருந்து சுருங்கி விலகியும் இருந்தது. மணல் சேர்க்காத சுண்ணாம்பு ஏன் சுவரில் நிற்காது என்பதை அந்த விரிசலே சொல்லிவிடும். அதன்பின் அதை ஈரத்துணி போட்ட கூடையின் கீழ், தொடாமல், காற்றோட்டத்தில் வைத்தேன். வாரங்கள் போக, மீண்டும் காயவிட்டு நிறுத்தால் 64, பிறகு 67. ஒன்றும் சேர்க்காத தட்டு கனத்துக்கொண்டே போனது. 74 கிராம் ஹைட்ராக்சைடு 44 கிராம் வாயுவை வாங்கி 18 கிராம் நீரை விட்டு 100 கிராம் கார்பனேட்டு ஆகிறது என்பது சமன்பாடு. முழுதும் மாறினால் இந்தத் தட்டு 82 கிராம் வரை போக வேண்டும். இறங்கும் எடை காய்தல், ஏறும் எடை இறுகுதல். ஆச்சி தராசைப் பார்த்துவிட்டு, “காத்தத் திங்குதா இது?” என்றார்கள். ஆமாம் என்றேன்.

சுவரில் எவ்வளவு ஆழம் இறுகியிருக்கிறது என்பதை எடைபோட்டு அறிய முடியாது. ஆய்வுக்கூடங்களில், காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீனைத் தெளிப்பார்கள். நான் மஞ்சள் தூளைச் சிறிது சாராயத்தில் கரைத்து வடித்து எடுத்துக்கொண்டேன். ஆரத்திக்கு மஞ்சள்நீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவக்கிறதல்லவா, அதே வினை. நீற்றுச் சுண்ணாம்பின் காரத்துக்கு மஞ்சள் செங்காவியாகும். கார்பனேட்டாக மாறிவிட்ட இடத்தில் அவ்வளவு காரம் இல்லாததால் மஞ்சளாகவே நிற்கும். பூச்சின் ஓரத்தில் உளியால் ஒரு சில்லைப் பெயர்த்து, புதிதாக உடைந்த முகத்தில் ஒரு சொட்டு விட்டேன். வெளிவிளிம்பில் அரிசி மணி கனத்துக்கு மஞ்சள் கோடு. அதற்கு உள்ளே செக்கச்செவேல். அடுத்த பூச்சுக்கு அந்தக் கோடு போதும் என்பது கொத்தனாரின் தீர்ப்பு. ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றியே கூடும் என்பதால், அதாவது இருமடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு காலம் ஆகும் என்பதால், முழுக் கனமும் இறுகும்வரை காத்திருப்பது நடக்கிற காரியமும் அன்று, தேவையும் அன்று.

கடைசிப் பூச்சுக்கு மட்டும் முட்டை. கொத்தனார் முட்டைகளை வாளி நீரில் போட்டு, மிதந்தவற்றை எடுத்து அப்பால் வைத்தார். முட்டை பழையதாக ஆக, ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் போய்க் காற்று சேர, எடை குறைகிறது, பருமன் மாறுவதில்லை, நீரின் அடர்த்தியைவிடக் குறைந்ததும் மிதக்கிறது. சுட்ட கல்லைத் தூக்கிப் பார்த்ததும் இதுவும் ஒரே கணக்கு என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மஞ்சள்கருவைப் பிரிப்பதில் முனைந்தார். மஞ்சள்கரு நிறத்தையும் கெடுக்கும், அதில் கொழுப்பும் உண்டு. வெள்ளைக்கருவை நுரை வராமல் மெல்லக் கலக்கிக் கூழோடு சேர்த்தார். நுரையின் காற்றுக்குமிழ் ஒவ்வொன்றும் பூச்சில் ஊசித்துளையாகிவிடும். சுண்ணாம்பின் காரம் பட்டதும் முட்டைப் புரதம் தன் வடிவம் குலைந்து பிசின்போல் பிணைகிறது. அவித்த முட்டை மீண்டும் பச்சை முட்டை ஆகாததுபோல் இதற்கும் திரும்பும் வழி இல்லை.

மெருகு ஏற்றுவது மட்டும் வெறும் கைவேலை. பூச்சு ஈரம் சுண்டி, விரல் பதியாத, ஆனால் கல்லாகாத ஒரு கட்டம் வரும். அப்போது கரணையின் முதுகாலும் பிறகு வழவழப்பான கூழாங்கல்லாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். துகள்கள் நெருங்கிப் படிந்து மேற்பரப்பு சமமாகிறது, ஒளி சிதறாமல் திரும்புகிறது. இதில் புதுப்பொருள் எதுவும் உண்டாகவில்லை. தேய்த்து முடித்த மறுநாள் சுவர் வியர்த்தது. அழுத்தியதால் உள்ளிருந்து வெளிவந்த நீர் அது. இறுகும் வினை தானே விடும் நீரும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். துடைக்காமல் விட்டிருந்தால் அந்த நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு மேலேயே கார்பனேட்டாகிப் படலம் படலமாகத் திட்டு விழும்.

பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் கோடு இப்போதும் தெரிகிறது. புதியது வெள்ளை, பழையது தந்தநிறம். அதை வண்ணம் கொண்டு மறைக்கலாமா என்று வீட்டார் கேட்டார்கள். எண்ணெய் கலந்த வண்ணமோ பிளாஸ்டிக் வண்ணமோ பூசினால் சிமெண்டு செய்த வேலையையே அதுவும் செய்யும் என்று சொல்லி, அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். அடியில் தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு மெருகில்லாத சொரசொரப்பான பூச்சோடு நிறுத்திவிட்டோம். மிச்ச உப்பு பூத்தால் அங்கே பூக்கட்டும், அந்த ஒரு சாணை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்துப் பூசிக்கொள்ளலாம்.

தொட்டியில் மீந்த கூழைப் பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டு, மேலே நான்கு விரற்கடை நீர் நிற்கும்படி மூடிவைத்திருக்கிறோம். நீரின் முகத்தில் கண்ணாடித் தகடுபோல் ஒரு படலம் உருவாகும். அது காற்றுப் பட்டுக் கார்பனேட்டாகிவிட்ட பகுதி. கலக்காமல் வழித்து எறிந்துவிட வேண்டும். அடியில் இருப்பது காற்றுப் படாதவரை ஆண்டுக்கணக்கில் கெடாது, ஊற ஊறத் துகள் நுணுகிப் பூச்சுக்கு இன்னும் நன்றாகவே இருக்கும். எதிர்ச்சுவரின் அடிப்பாகமும் உப்பத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மார்கழியில் அந்தப் பீப்பாயைத் திறப்பதாக ஏற்பாடு.